நேரில் பார்த்த சாட்சியே இல்லை, பிறகு எப்படி ஆயுள் தண்டனை?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய தம்பி சொந்தமாக மினி லாரி வைத்துக் காய்கறி லோடு அடிப்பவர். 2021இல் அந்தப் பகுதியில் வட்டிக்குப் பணம் கொடுத்துவந்த ஒருவர், ஊருக்கு வெளியே சும்மா கிடந்த செங்கல் சூளையில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். காலை ஆறரை மணிக்கு ஆடு மேய்க்கப் போனவர்தான் முதலில் பார்த்தது. தம்பி அவரிடம் 1,20,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார், ஒரு வாரம் முன்பு இருவருக்கும் டீக்கடை வாசலில் வாய்த்தகராறும் நடந்திருக்கிறது. முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கு இருவரும் ஒரே பைக்கில் போனதைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் சாட்சி சொன்னார். மூன்றாம் நாள் காலை தம்பி தானாகவே பக்கத்து ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றும், அப்புறம் அவர் காட்டிய ஓடைப் பாலத்துக்கு அடியிலிருந்து இரும்புக் கம்பியும் வீட்டிலிருந்து சட்டையும் எடுக்கப்பட்டன என்றும் போலீஸ் சொன்னது. பெட்ரோல் பங்க் சிசிடிவி பதிவு ஒன்றும் உண்டு, அதில் முகம் தெரியவில்லை. மகஜர் சாட்சிகள் (பொருள்களைக் கைப்பற்றியதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள்) இருவரும் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆகிவிட்டார்கள். இருந்தும் செஷன்ஸ் கோர்ட் ஏழு வாரத்துக்கு முன்பு கொலைக்கான 302ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டது. தம்பி இப்போது பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் இருக்கிறார்.

‘பார்த்தவர் யாருமில்லை, சாட்சிகளும் மாறிவிட்டார்கள், ஐகோர்ட்டில் எல்லாரையும் மறுபடி விசாரித்தால் உண்மை வந்துவிடும்தானே?’ என்று கேட்கிறார். டீக்கடைக்காரர் ‘போலீஸ் மிரட்டியதால் பொய் சொன்னேன்’ என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாராம். அன்று இரவு 11.15க்கு மண்டியில் லோடு இறக்கிய சீட்டு வீட்டில் இருக்கிறது, விசாரணையில் வக்கீல் அதைத் தாக்கல் செய்யவில்லை. அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். ஒருவர் 5 லட்சம் கொடுத்தால் இரண்டு மாதத்தில் ஜாமீன் நிச்சயம் என்கிறார். தம்பியோ, ‘பணத்தை வீணாக்காதே அக்கா, பதினாலு வருஷத்தில் வந்துவிடுவேன்’ என்கிறாராம்.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் நடுவில், பேச்சோடு பேச்சாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தம்பியைப் போலீஸ் கூட்டிப்போன இரவே உங்கள் சித்தப்பா மகன் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு ஆன்லைனில் ஒரு மனு அனுப்பினார், அதன் எண் அவர் போனில் இன்னும் இருக்கிறது என்று. அதை எழுதிவிட்டு நேரே மண்டிச் சீட்டுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது. காரணத்தைச் சொல்கிறேன், அதற்கு முன் அவசரமான ஒரு விஷயத்தை முடித்துவிடலாம்.

நாள் கணக்கு

செஷன்ஸ் கோர்ட் கொடுத்த ஆயுள் தண்டனையை எதிர்த்து ஐகோர்ட்டில் மேல்முறையீடு செய்வது உங்கள் தம்பியின் உரிமை, யாரிடமும் அனுமதி கேட்டுப் பெற வேண்டியதில்லை. பழைய குற்ற விசாரணைச் சட்டத்தில் 374(2), 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 415(2). உங்கள் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை, சென்னைக்கு அலைய வேண்டாம். கால அவகாசம் 60 நாள். ஏழு வாரம் ஓடிவிட்டது என்றால் கையில் இருப்பது பத்து, பதினொரு நாள். தீர்ப்பு நகலை உங்கள் தம்பிக்கு இலவசமாக அன்றே கொடுத்திருக்க வேண்டும், அது சிறையில் அவரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். சாட்சிகளின் வாக்குமூல நகல்கள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தீர்ப்பை வைத்தே மேல்முறையீட்டைத் தாக்கல் செய்துவிடலாம், மற்றவை பின்னால் வரும்.

ஒருவேளை நாள் தவறினாலும் கதவு மூடிவிடாது, தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம், சிறையில் இருப்பவர் விஷயத்தில் கோர்ட்டுகள் பொதுவாக இதில் கறாராக இருப்பதில்லை. வக்கீலே கிடைக்காவிட்டாலும் தம்பி சிறை அதிகாரியிடம் மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம், அவர் அதை கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

அப்புறம் அந்தப் பயம். தண்டனையை எதிர்த்து நீங்கள் போடும் மேல்முறையீட்டில் ஐகோர்ட் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்று அரசு நினைத்தால் அது தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும், அதை நீங்கள் அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும் செய்யலாம். ஆகவே உறவினர்கள் சொல்வதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம்.

நேர் சாட்சி இல்லை என்பதாலேயே வழக்கு விழுந்துவிடாது

இதை நீங்கள் ஏற்றுக்கொள்வது கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். கொலை வழக்குகளில் பல இரவில், ஆளில்லாத இடத்தில் நடந்தவை, பார்த்தவர் இருக்க மாட்டார். அதனால்தான் சந்தர்ப்ப சாட்சியங்களை மட்டும் வைத்தே தண்டிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை மிகக் கடுமையானது. 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகளாக அதை வகுத்துச் சொன்னது, இன்றுவரை இந்தியாவில் எந்த கோர்ட்டும் அவற்றைத் தாண்டிப் போக முடியாது. சயனைடு விஷத்தால் மனைவி இறந்த வழக்கு அது. கணவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது, ஐகோர்ட் அதை உறுதி செய்தது, கடைசியில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது.

அதன் சாரம் இதுதான். ஒவ்வொரு சந்தர்ப்பமும் தனித்தனியாக, முழுமையாக நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘இருந்திருக்கலாம்’ போதாது, ‘இருந்தே ஆக வேண்டும்’ என்ற அளவுக்கு வேண்டும். நிரூபணமானவை எல்லாம் சேர்ந்து இவர் குற்றவாளி என்ற ஒரே முடிவுக்குத்தான் இட்டுச் செல்ல வேண்டும், வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்தது அறுந்ததுதான். இரண்டு விதமாகப் பொருள் கொள்ள இடமிருந்தால் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமானதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது 1973இலேயே காளி ராம் வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது.

எனவே ஐகோர்ட்டில் உங்கள் வக்கீல் சொல்ல வேண்டியது ‘பார்த்தவர் இல்லை’ என்பதல்ல, ‘என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை’ என்பதும் அல்ல. எந்தக் கண்ணி, எந்தப் பக்கத்தில், எந்தச் சாட்சியின் எந்த வரியில் அறுந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். மேல்முறையீட்டில் சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றுவதில்லை, ஏற்கெனவே பதிவானதை இரண்டு நீதிபதிகள் முதலிலிருந்து படிப்பார்கள். செஷன்ஸ் நீதிபதி நம்பியதை அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, முழுச் சாட்சியத்தையும் சொந்தமாக எடைபோடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அதுவே உங்களுக்குக் கிடைக்கும் மறுவிசாரணை.

சரி, உங்கள் வழக்கின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடன் தகராறு உண்மை, அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் வட்டிக்கு விடுபவரிடம் கடன்பட்டவர்கள் ஊரில் இன்னும் பலர் இருந்திருப்பார்கள், அவர்களைப் போலீஸ் விசாரித்ததா என்பது குறுக்கு விசாரணையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். காரணம் இருந்தது என்பது மட்டும் யாரையும் கொலைகாரர் ஆக்கிவிடாது.

‘கடைசியாகச் சேர்ந்து பார்க்கப்பட்டார்கள்’ என்பதுதான் அரசுத் தரப்பின் முதுகெலும்பு. இந்த வாதம் எப்போது நிற்கும்? இருவரையும் பார்த்த நேரத்துக்கும் மரணம் நடந்த நேரத்துக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்து, வேறு யாரும் நடுவில் வந்திருக்க வாய்ப்பே இல்லை என்கிறபோதுதான். நீங்கள் எழுதியபடி பிரேதப் பரிசோதனை மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்திருக்கிறது, டாக்டர் மரணம் 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் மரணம் முந்தைய நாள் பிற்பகல் இரண்டிலிருந்து நள்ளிரவு இரண்டுக்குள். ஏழு மணிக்குப் பைக்கில் பார்த்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கப்புறம் ஏழு மணி நேரம் திறந்து கிடக்கிறது, சூளையோ யாரும் வந்துபோகக்கூடிய இடம். 2014இல் கன்னையா லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், சேர்ந்து பார்க்கப்பட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, அதோடு குற்றத்தைப் பிணைக்கும் வேறு ஏதாவது வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

டீக்கடைக்காரர் அன்று காலை சூளையில் கூடிய கூட்டத்தில் நின்றிருக்கிறார், ஆனால் போலீஸிடம் இதைச் சொன்னது நான்காம் நாள் என்கிறீர்கள். அவருடைய போலீஸ் வாக்குமூலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள், கோர்ட் முத்திரையில் தேதி இருக்கும். குற்றப்பத்திரிகையோடு சேர்ந்து பல மாதம் கழித்து வந்திருந்தால் அதைக் கேள்வி கேட்க இடம் உண்டு. அதேபோல எஃப்.ஐ.ஆர். ஓரத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டு, கிடைத்த நாளும் நேரமும் குறித்திருப்பார். காலையில் பதிவானது மறுநாள் கிடைத்திருந்தால் நடுவில் என்ன நடந்தது என்று கேட்கலாம்.

‘இருவரும் சேர்ந்து போனது நிரூபணமாகிவிட்டது, அப்புறம் என்ன ஆனது என்று எதிரி விளக்கவில்லை’ என்று தீர்ப்பில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவை வைத்து எழுதியது அது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்கிற பிரிவு. ஆனால் அரசுத் தரப்பு தன் வேலையை முடித்த பிறகுதான் அது வரும், அரசுத் தரப்பின் ஓட்டையை அடைக்க அதை எடுக்க முடியாது என்று 1956இல் சம்பு நாத் மெஹ்ரா வழக்கிலேயே தெளிவாகிவிட்டது. வீட்டுக்குள், நான்கு சுவருக்குள் நடந்த மரணம் வேறு, பொதுவெளியில் கிடந்த சூளை வேறு.

கம்பிக்கும் சட்டைக்கும் வருவோம். மகஜர் சாட்சிகள் மாறிவிட்டதால் கைப்பற்றியதே இல்லை என்று ஆகிவிடும் என நினைக்கிறீர்கள். ஆகாது. இன்ஸ்பெக்டரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே கோர்ட் ஏற்கலாம். பிறழ்சாட்சி சொன்னதிலும் நம்பக்கூடிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம். இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது வேறு: பாலத்துக்கு அடி என்பது யார் வேண்டுமானாலும் போகக்கூடிய இடம், தடய அறிவியல் அறிக்கையில் மனித ரத்தம் என்று மட்டும் இருக்கிறது, ரத்தப் பிரிவு கண்டறிய முடியவில்லை என்று முடிந்திருக்கிறது. இறந்தவரோடு அந்தக் கம்பியை இணைக்கும் நூல் மிக மெல்லியது. சிசிடிவிக்கு 65பி சான்றிதழ் (மின்னணுப் பதிவின் நகலுக்குச் சாட்சியச் சட்டம் கேட்கும் சான்று) தாக்கலானதா என்று பாருங்கள், அது இல்லாமல் நகல் பதிவை ஏற்க முடியாது என்பதை 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்திருக்கிறார்கள். முகமே தெரியாத பதிவு சான்றிதழோடு வந்தாலும் எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு கேள்வி.

அந்த இரவு அனுப்பிய மனு

தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளைப் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சி. எதிரி தானாகவே கிராம நிர்வாக அலுவலரிடம் போவார், குற்றத்தைச் சொல்வார், அவர் எழுதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைப்பார். போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் சாட்சியமாகாது, கிராம நிர்வாக அலுவலர் போலீஸ் இல்லை, ஆகவே அவரிடம் சொன்னது உள்ளே வந்துவிடும். இப்படிப்பட்ட வாக்குமூலத்தை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட முடியாது. ஆனால் இது பலவீனமான சாட்சியம் என்பது நிலைபெற்ற கருத்து, கோர்ட்டுகள் கேட்கும் முதல் கேள்வி: முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம், அதுவும் பக்கத்து ஊர்க்காரரிடம், இவர் ஏன் போய் மனம் திறக்க வேண்டும்?

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். போலீஸ் கதைப்படி தம்பி மூன்றாம் நாள் காலை பத்து மணிவரை சுதந்திரமாக இருந்தார், தானாக நடந்துபோய்ச் சொன்னார், அதற்கப்புறம்தான் கைது, அதற்கப்புறம்தான் கம்பி. உங்கள் சித்தப்பா மகனின் மனுவோ இரண்டாம் நாள் இரவே ‘என் அண்ணனைப் போலீஸ் வீட்டிலிருந்து கூட்டிப்போய்விட்டது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை’ என்று அரசின் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. இது உண்மையானால் கிராம நிர்வாக அலுவலர் கதை அப்படியே சரியும், அதன் மேல் நிற்கும் கைது நேரமும் கம்பி எடுத்த கதையும் அதோடு ஆட்டம் காணும். வழக்கு இந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், கைதுக்கு முன்பே, அரசு கம்ப்யூட்டரில் நேரத்தோடு பதிவான ஆவணம் அது. தண்டனைக்கு அப்புறம் தயாரித்தது என்று யாரும் சொல்ல முடியாது.

விசாரணையில் அது சான்றாவணமாகக் குறியிடப்பட்டதா என்று உங்களுக்குத் தெரியவில்லை. தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும், அரசுத் தரப்பு சாட்சிகள், ஆவணங்கள், பொருள்கள், அதற்கப்புறம் எதிரி தரப்பு ஆவணங்கள். அங்கே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீதிபதி அதைப் பற்றி என்ன எழுதினார், எழுதினாரா என்று தேடுங்கள். பேசாமலே விட்டிருந்தால் அதுவே மேல்முறையீட்டில் ஒரு காரணம். பட்டியலில் இல்லையென்றால் கூடுதல் சாட்சியம் ஏற்கக் கோரி மனுப் போடலாம், பழைய 391, இப்போது 432. ஐகோர்ட் இதை எளிதில் அனுமதிக்காது, வக்கீல் அப்போது விட்டுவிட்டார் என்பது மட்டும் போதாது, நியாயமான முடிவுக்கு அது அவசியம் என்று காட்ட வேண்டும். இந்த ஆவணத்துக்கு அப்படிக் காட்ட முடியும் என்றுதான் நினைக்கிறேன். அதுவரை அந்தப் போனை யாரும் மாற்றவோ அழிக்கவோ வேண்டாம், மனு எண்ணைக் குறித்துவைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் சான்றிட்ட நகலையும் அதன் மேல் எடுத்த நடவடிக்கையையும் எஸ்.பி. அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். மனு அனுப்பியவரை விட்டே கேட்கச் சொல்லுங்கள்.

மண்டிச் சீட்டைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. 11.15க்கு மண்டியில் இருந்தார் என்பது ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் சூளையில் இல்லை என்று காட்டாது. வேறிடத்தில் இருந்தேன் என்கிற வாதத்தில் அங்கே இருந்திருக்கவே முடியாது என்பது வரை எதிரிதான் நிரூபிக்க வேண்டும், அரைகுறையாக நின்றால் அதைப் பொய் என்று சொல்லி எதிராகவே திருப்புவார்கள். லோடு ஏற்றியது எந்த ஊர், எத்தனை மணிக்கு, அங்கிருந்து மண்டி எவ்வளவு தூரம், ஏற்றியபோது உடன் இருந்தவர் யார் என்று எல்லாம் சேர்ந்தால் அர்த்தம் வரும், இல்லாவிட்டால் சீட்டை முன்னால் நிறுத்த வேண்டாம். சாட்சியங்களைப் பற்றிக் குற்ற விசாரணைச் சட்டத்தின் 313ஆம் பிரிவின்படி நீதிபதி கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் தம்பி ‘பொய்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார், லோடு பற்றி ஒரு வார்த்தை இல்லை, இப்போது புதிதாகச் சொன்னால் ஏன் அப்போது சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதே 313 பதிவில் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: தீர்ப்பில் அவருக்கு எதிராக எடுத்துக்கொண்ட ஒவ்வொரு சந்தர்ப்பமும் கேள்வியாக அவரிடம் கேட்கப்பட்டதா? கேட்காமல் விட்டதால் அவருக்குப் பாதகம் ஏற்பட்டிருந்தால் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.

அந்த முத்திரைத்தாளைத் தொடாதீர்கள்

இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. டீக்கடைக்காரர் கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்லிவிட்டார், குறுக்கு விசாரணையும் முடிந்துவிட்டது. தண்டனைக்கு அப்புறம் அவர் கடைவாசலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாளுக்கு ஐகோர்ட்டில் மதிப்பு ஏறக்குறைய இல்லை. ஆபத்து மட்டும் நிறைய இருக்கிறது. ‘முன்பு பொய் சொன்னேன்’ என்று எழுதுவது தான் செய்த பொய்ச்சாட்சிக் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வது. நாளைக்கு அவர் பயந்துபோய் ‘அந்தக் குடும்பம்தான் வந்து மிரட்டி வாங்கியது’ என்று சொன்னால் சாட்சியை மிரட்டிய வழக்கு உங்கள் வீட்டு ஆண்கள் மேல் வரும். ஜாமீன் மனுவும் அதோடு போய்விடும். அவர் மனசாட்சி உறுத்திச் சொல்ல விரும்பினால் அவராக ஒரு வக்கீலைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்களோ உங்கள் உறவினர்களோ அவர் கடைப்பக்கம் போக வேண்டாம். டீ குடிக்கக்கூட.

ஜாமீன், வக்கீல், 5 லட்சம்

மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் போடலாம். ஆனால் தண்டனை வந்தபின் ‘குற்றமற்றவர்’ என்ற அனுமானம் பழைய பலத்தோடு இருப்பதில்லை. ஆயுள் தண்டனையில் அரசுத் தரப்புக்கு எழுத்துமூலம் ஆட்சேபிக்க வாய்ப்புக் கொடுத்த பிறகே முடிவெடுப்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தாலே தெரிகிற பெரிய குறை தீர்ப்பில் இருக்க வேண்டும், இந்தக் கட்டத்தில் சாட்சியத்தை விரிவாக அலசக் கூடாது என்று 2023இல் ஓம்பிரகாஷ் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணை முழுக்கத் தம்பி ஜாமீனில் இருந்து ஒரு வாய்தா தவறாமல் வந்தது சாதகம்தான், அது மட்டும் போதாது. முதல் மனு தள்ளுபடியானால் மனம் உடைய வேண்டாம், மறுபடி போடலாம். மேல்முறையீட்டை எடுக்க கோர்ட்டுக்கே நேரமில்லாமல் ஒருவரை வருஷக்கணக்கில் உள்ளே வைத்திருப்பது நியாயமில்லை என்று 1977இல் காஷ்மீரா சிங் வழக்கில் சொன்னது இன்றும் கைகொடுக்கிறது. ஜாமீன் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டையே சீக்கிரம் எடுக்கக் கேட்பதும் ஒரு வழி.

ஆகவே இரண்டு மாதத்தில் நிச்சயம் என்று சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதை வக்கீல் தொழில் விதிகளே தடுக்கின்றன. உங்களுக்கு வேண்டியவர் மதுரைக் கிளையில் குற்றவியல் மேல்முறையீடுகளைத் தொடர்ந்து நடத்துபவர், தீர்ப்பைப் படித்துவிட்டு உங்களிடம் கேள்வி கேட்பவர். பணமில்லையென்றால் வீட்டை அடகு வைக்க வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எதுவானாலும், இலவச சட்ட உதவி உரிமை உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. மதுரைக் கிளைக்கென்றே சட்டப் பணிக் குழு இருக்கிறது, சிறை வழியாகவும் விண்ணப்பிக்கலாம். சட்ட உதவி வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நினைப்பது தவறு, நல்ல வாதங்கள் அந்த வழியிலும் வந்திருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது, அவரிடம் மனு விஷயத்தை நேரில் போய் எடுத்துச் சொல்வது. விசாரணைக்கு வக்கீல் வராமல் போனாலும் அதற்காக மட்டும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய முடியாது, ஆவணங்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது 1996 பானி சிங் வழக்கின் தீர்ப்பு.

முடிவு எப்படி வரலாம்? முழு விடுதலை, அல்லது கொலை என்பதைக் குறைத்து, கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 304ஆம் பிரிவுக்கு மாற்றுவது, அரிதாக மறுவிசாரணை, அல்லது தண்டனை உறுதி. உறுதியானால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, ஆனால் அங்கே அது உரிமையல்ல, அவர்கள் எடுத்துக்கொண்டால்தான் உண்டு. அதனால் ஐகோர்ட்டைத்தான் கடைசி வாய்ப்பாக நினைத்துத் தயாராகுங்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனால் களங்கம் போகாதே என்றும் வருத்தப்பட்டிருந்தீர்கள். நிரபராதி என்று நிரூபிக்க வேண்டிய கடமை உங்கள் தம்பிக்கு ஒருபோதும் இருந்ததில்லை, நிரூபிக்க வேண்டியது அரசு, அது முடியவில்லை என்றால் அவர் உள்ளே போவதற்கு முன் இருந்த அதே மனிதராகத்தான் திரும்பி வருவார், சட்டம் பார்ப்பது அப்படித்தான். போன வருஷங்களுக்கு ஈடு கிடைக்குமா என்றால், தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டத்தில் வழி வேண்டும் என்று 2018இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தும் இன்னும் வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசியாகத் தம்பி சொல்லும் பதினாலு வருஷம். ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முழுக்க. 14 வருஷம் என்பது, கொலை வழக்கில் அதற்கு முன்னால் குற்ற விசாரணைச் சட்டத்தின் கீழ் அரசு தண்டனைக் குறைப்புக் கொடுத்து விடுவிக்க முடியாது என்கிற கீழ் வரம்பு, அரசியல் சாசனம் ஆளுநருக்குத் தரும் மன்னிப்பு அதிகாரம் தனி. அது முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது. அண்ணா பிறந்த நாள், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று விடுதலை ஆனவர்களைச் சிறையில் அவர் கேள்விப்பட்டிருப்பார், அவையெல்லாம் அரசு அந்தந்த நேரத்தில் போட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டவை, யாருக்கும் உறுதியில்லை. அதை நம்பி இருக்கிற உரிமையை விட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இந்த வாரம் மனுப்போட்டு அவரைப் பார்க்கப் போகும்போது வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், சிறை அதிகாரி சான்றொப்பமும் வேண்டும். அந்த இரவு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர், எந்த வண்டி, வழியில் எங்கே நிறுத்தினார்கள், ஸ்டேஷனில் யாரைப் பார்த்தார், மறுநாள் காலை கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்கு உண்மையில் போனாரா அல்லது தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டாரா என்று நிதானமாகக் கேளுங்கள். ஞாபகம் வருவதை அவரே தன் கையால் எழுதட்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். அதைத் தீர்ப்பு நகலோடும் போனில் இருக்கும் மனு எண்ணோடும் வக்கீலிடம் கொடுங்கள்.